மணலும் காற்றும் மெருகும்



நீங்கள் அமர்ந்திருக்கும் நாற்காலியின் கையைச் சற்றே தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருக்கும். மரத்துக்கு அந்த வழவழப்பு இயல்பாக அமைந்ததன்று. அறுத்தபோது அதில் சிராய் இருந்தது. இழைத்தபோது இழைப்புளியின் தடம் இருந்தது. யாரோ ஒருவர் பொறுமையோடு தேய்த்துத் தேய்த்து அவற்றை நீக்கியிருக்கிறார். அரசர்களின் போர்களை விரித்து எழுதிய வரலாற்றாசிரியர்கள் இந்தத் தேய்க்கும் கையைப் பற்றி அதிகம் எழுதவில்லை. ஆயினும் இதற்கும் நீண்ட வரலாறு உண்டு. மணற்கல்லில் தொடங்கிய அவ்வரலாறு, அழுத்தக் காற்றால் இயங்கும் தேய்ப்பு இயந்திரம் வரை வந்திருக்கிறது. பட்டறைகளில் அதனை 'ஏர் சாண்டர்' என்பார்கள். அதனைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் கையாளும் முறையையும் அவ்வரலாற்றின் வழியாகவே கூற விரும்புகிறேன்.

தேய்ப்பதன் தத்துவம் எளியது. கீறலே இல்லாத நிலைதான் மெருகு என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில், கண்ணுக்கும் விரலுக்கும் புலப்படாத அளவுக்குக் கீறல்கள் சிறுத்துவிட்ட நிலையையே மெருகு என்கிறோம். பெரிய கீறலைச் சிறிய கீறலால் அழிக்கிறோம். அதனை அதனினும் சிறிய கீறலால் அழிக்கிறோம். மனிதன் தொன்றுதொட்டுச் செய்துவருவது இதுவே. காலப்போக்கில் மாறியவை இரண்டு. ஒன்று, கீறும் பொருள். மற்றொன்று, அதனை அசைக்கும் ஆற்றல்.

முதலில் கீறும் பொருளைப் பார்ப்போம். பண்டை எகிப்தியத் தச்சர்களிடம் இழைப்புளி இல்லை. வாச்சியால் செதுக்கிய மரத்தை மணற்கல்லால் தேய்த்தே அவர்கள் சமன் செய்தார்கள். கி.மு. 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறை தீப்ஸ் நகரத்தை அடுத்து உள்ளது. தச்சர்கள் வேலை செய்யும் காட்சிகளை அதன் சுவர் ஓவியங்களில் இன்றும் காணலாம். கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர்நீத்த ரோமானிய அறிஞர் பிளினி, சுறா இனத்து மீன் ஒன்றின் சொரசொரப்பான தோலால் மரத்தையும் தந்தத்தையும் மெருகிட்ட செய்தியைக் குறித்துள்ளார். ஜப்பானியக் கைவினைஞர்கள் 'தொக்குசா' என்னும் செடியின் தண்டைப் பயன்படுத்தினார்கள். அத்தண்டில் மணலின் மூலப்பொருளான சிலிக்கா செறிந்துள்ளது.

நம் நாட்டில் பராய் மரத்தின் இலை இத்தொழிலுக்கு உதவியது. அரம்போல் உரசும் அந்த இலையால் மரத்தையும் தந்தத்தையும் தேய்த்து மெருகேற்றினர். திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே காவிரிக் கரையிலுள்ள திருப்பராய்த்துறை, அம்மரத்தால் பெயர் பெற்ற தலம்.

மணலைவிடக் கடினமான பொருள் ஒன்றும் நம் மண்ணில் கிடந்தது. அதன் பெயர் குருந்தம். மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் தூய, நிறம் பெற்ற வடிவங்களே. 1812இல் ஜெர்மானிய அறிஞர் மோஸ் வகுத்த கடினத்தன்மை வரிசையில் வைரத்துக்குப் பத்தாம் இடம், குருந்தத்துக்கு ஒன்பது, சாதாரண மணலின் பெரும்பகுதியான படிகக் கல்லுக்கு ஏழு. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பகுதி குருந்தத்துக்குப் பேர்பெற்றது. 1798இல் சார்லஸ் கிரெவில் என்னும் ஆங்கிலேயர், ஆசியாவிலிருந்து வந்த இக்கல்லைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் கட்டுரை எழுதினார். ஆங்கிலத்தில் வழங்கும் 'கொரண்டம்' என்னும் சொல்லுக்குத் தமிழ்க் குருந்தத்தையே மூலமாக அகராதிகள் காட்டுகின்றன. உலகத்துப் பட்டறைகள் எல்லாவற்றிலும் ஒரு தமிழ்ச்சொல் வாழ்கிறது என்பதை அறிந்தால் உங்களுக்கும் மகிழ்ச்சி உண்டாகுமன்றோ?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லும் இலையும் போய்க் காகிதம் வந்தது. நம் தச்சர்கள் உப்புத்தாள் என்று கூறும் தாளைத்தான் சொல்கிறேன். 1833இல் லண்டனில் ஜான் ஓக்கி என்பவர் கண்ணாடித் தூள் ஒட்டிய தாளைச் செய்து விற்கும் தொழிலைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஐசக் ஃபிஷர் என்பவர் இத்தாள் செய்யும் முறைகளுக்குக் காப்புரிமை பெற்றார்.

1891இல் எட்வர்ட் அச்செசன் என்னும் அமெரிக்கர் களிமண்ணையும் கரித்தூளையும் கலந்து மின்சாரத்தால் கடுமையாகச் சூடேற்றினார். ஒளிரும் சிறு படிகங்கள் கிடைத்தன. அவை கார்பனும் குருந்தமும் சேர்ந்தவை என்று கருதி, இரு சொற்களையும் இணைத்துக் 'கார்போரண்டம்' என்று பெயரிட்டார். பின்னர் ஆராய்ந்தபோது அது சிலிக்கனும் கார்பனும் சேர்ந்த பொருள் என்று தெரிந்தது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அப்பெயரைத் தாங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் நிறுவனம் 1954இல் சென்னையில் தோன்றியது. கடல் கடந்து சென்ற சொல், புது உருவத்தில் ஊர் திரும்பிற்று என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

குருந்தத்தைத் தேடி ஏமாந்தவர்களும் உண்டு. 1902இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஐவர் கூடிக் குருந்தம் வெட்ட ஒரு சுரங்க நிறுவனம் அமைத்தனர். வெட்டியெடுத்த கல்லோ குருந்தமன்று. சுரங்கத்தில் தோற்ற அவர்கள் உப்புத்தாள் செய்யும் தொழிலுக்கு மாறினார்கள். அதுவே பின்னாளில் '3எம்' என்று உலகப் புகழ் பெற்றது. அந்நிறுவனம் 1921இல் நீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய தாளை வெளியிட்டது. பிரான்சிஸ் ஓக்கி என்பவர் கண்டறிந்தது அது. நம் பெயின்டர்கள் 'வாட்டர் பேப்பர்' என்பது இதன் வழிவந்ததே. அக்காலத்துச் சாயங்களில் ஈயம் கலந்திருந்தது. உலர்ந்த நிலையில் தேய்த்தபோது ஈயத்தூசு தொழிலாளரின் மூச்சில் கலந்தது. நனைத்துத் தேய்த்தபோது அத்தூசு பறக்கவில்லை. ஒரு தாள் பல உயிர்களுக்கு நன்மை செய்தது.

இனி, அசைக்கும் ஆற்றலுக்கு வருவோம். ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் மான்ட் செனிஸ் சுரங்கப்பாதை வேலை 1857இல் தொடங்கியது. அக்காலத்துப் பேராற்றல் நீராவி. ஆனால் சுரங்கத்துக்குள் நீராவி எந்திரம் புகைந்தால் தொழிலாளர் மூச்சுத் திணறி மடிவர். ஆகவே பொறியாளர் சோம்மெய்யே, காற்றை வெளியே அழுத்திக் குழாய் வழியாக உள்ளே செலுத்தித் துளையிடும் கருவிகளை இயக்கினார். 1861இல் அக்கருவிகள் வேலையைத் தொடங்கின. 1871இல் பாதை திறக்கப்பட்டது. கருவியை இயக்கிவிட்டு வெளியேறிய காற்று, தொழிலாளருக்கு மூச்சுக் காற்றாகவும் பயன்பட்டது.

மலையைக் குடைந்த அதே காற்று, மோட்டார் வண்டித் தொழில் வளர்ந்தபோது மெருகு வேலைக்கும் வந்தது. 1923இல் விரைவில் உலரும் 'டூக்கோ' சாயம் வந்தது. அதுவரை ஒரு வண்டிக்குச் சாயமிட்டு உலர்த்த வாரக்கணக்கில் நாள் பிடித்தது. சாயம் விரைவில் உலர்ந்தால் தேய்க்கும் கையும் விரைய வேண்டுமன்றோ? கையின் வேகம் போதாத இடத்தில் தேய்ப்பு இயந்திரங்கள் புகுந்தன.

காற்றால் இயங்கும் தேய்ப்பானின் உள்ளே மின்சாரச் சுருள் கிடையாது. ஓர் உருளையின் உள்ளே, மையம் தள்ளி அமைந்த சுழலி இருக்கும். அதில் மெல்லிய தகடுகள் செருகப்பட்டிருக்கும். அழுத்தக் காற்று அத்தகடுகளைத் தள்ளச் சுழலி சுற்றுகிறது. சுழலும் அச்சின் முனையிலும் அடிப்பலகை சற்றே மையம் விலகிப் பொருத்தப்பட்டுள்ளது. ஆகவே பலகை சிறு சிறு வட்டமிடுகிறது. வட்டத்தோடு, தாங்கியின் மேல் அது தானாகவும் மெல்லச் சுழலுமாறு அமைந்த கருவியே மெருகு வேலைக்கு ஏற்றது. ஏனெனில், ஒரே தடத்தில் மணல் திரும்பத் திரும்ப ஓடுவதில்லை. கீறல்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. மின்சுருள் இல்லாததால் கருவி இலேசானது. நெடுநேரம் உழைத்தாலும் சூடேறாது. ஈர வேலையில் மின்னதிர்ச்சிக்கும் இடமில்லை.

இக்கருவியை வாங்குவோர் மூன்று செய்திகளைக் கேட்டறிய வேண்டும். முதலாவது, வட்டத்தின் அளவு. 5 மில்லிமீட்டர் வட்டம் விரைவாகத் தேய்க்கும். பட்டி பார்த்த இடத்தைச் சமன் செய்ய அது போதும். இறுதி மெருகுக்கு 2.5 மில்லிமீட்டர் வட்டமே சிறந்தது. இரண்டாவது, காற்றின் தேவை. இத்தகைய கருவிகளுக்குச் சதுர அங்குலத்துக்கு 90 பவுண்டு அழுத்தம் என்று பெரும்பாலும் குறித்திருப்பார்கள். அழுத்தம் மட்டும் போதாது. தேய்ப்பான் இடைவிடாது காற்றைக் குடிக்கும். சக்கரத்துக்குக் காற்றடிக்கும் சிறு கம்ப்ரசர் சிறிது நேரத்தில் களைத்துவிடும். பலகையின் வேகம் தளர்ந்து வேலை கெடும். கருவிக்கு நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைப் பார்த்து, அதனினும் மிகுதியாகத் தரும் கம்ப்ரசரையே இணைக்க வேண்டும். மூன்றாவது, தூசு உறிஞ்சும் வசதி. இதன் இன்றியமையாமையைப் பின்னர் சொல்கிறேன்.

கையாளும் முறையும் எளிதே. குழாயில் நீர் வடிகட்டி இருக்க வேண்டும்; கருவிக்குரிய எண்ணெயைச் சில துளிகள் விட வேண்டும். தாளைச் சிறு எண்ணில் தொடங்கி 120, 180, 240, 320 என்று படிப்படியாக உயர்த்த வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டினால், முந்தைய தாளின் கீறல் ஒளிந்து நின்று வார்னிஷ் பூசியதும் வெளிப்படும். கணக்கில் ஒரு படியை விட்ட மாணவனின் நிலைதான்! ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் தூசைத் துடைத்துவிட வேண்டும். பழைய மணல் ஒன்று தங்கினாலும் அது பன்றிவால்போல் சுருண்ட கீறலை இழுத்துவிடும். பலகை பரப்பின் மேல் படிந்திருக்கும்போது இயக்கி, ஓடும்போதே மெல்ல எடுக்க வேண்டும். கருவியின் எடையே போதுமானது. அழுத்தினால் சுழற்சி நின்று குழி விழும். அவசரமின்றி, நொடிக்கு ஓர் அங்குலம் என்னும் நிதானத்தில் நகர்த்த வேண்டும்.

இத்தனை சொல்லியும் ஒன்றைச் சொல்லாவிட்டால் என் பேச்சு குறையுடையதாகும். கீறும் பொருள் மாறியது. அசைக்கும் ஆற்றலும் மாறியது. தேய்த்தால் தூசு எழும் என்பது மட்டும் மாறவில்லை. கை மெல்லத் தேய்த்தபோது சிறிதாக எழுந்த தூசு, இயந்திரம் வந்தபின் மேகமாக எழுகிறது. இத்தாலிய மருத்துவர் ராமத்சீனி, 1700இல் வெளியிட்ட தம் நூலில், கல் தச்சர்களின் மூச்சில் கலக்கும் தூசு தரும் நோய்களை எழுதினார். 1918இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், காற்றுச் சுத்தியலால் சுண்ணக்கல் செதுக்கியவர்களின் விரல்கள் குளிரில் வெளுத்து மரத்துப் போவதை ஆலிஸ் ஹாமில்டன் என்னும் பெண் மருத்துவர் ஆராய்ந்து அறிவித்தார். கருவியின் அதிர்வே காரணம். தேய்ப்பானின் அதிர்வு அதைவிடக் குறைவு எனினும், கருவிக்கு உரியதல்லாத பலகையைப் பொருத்தினால் எடைச் சமநிலை கெட்டு அதிர்வு பெருகும். 1995இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, மரத்தூசும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கும் பொருள்களுள் ஒன்று என்று அறிவித்தது.

நான் தலைமையாசிரியராக இருந்த பள்ளியில் மேசைகள் செய்ய முதிய தச்சர் ஒருவர் வருவார். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் தேய்ப்பார். மேசையின் அழகைப் பாராட்டாதவர் இல்லை. அவருடைய இருமலைக் காதில் வாங்கியவர் சிலரே. துண்டு பெருந்தூசைத் தடுக்கும். நுரையீரல் வரை செல்லும் நுண்தூசைத் தடுக்காது. தகுந்த முகக்கவசமும், தாளின் துளைகளும் பலகையின் துளைகளும் நேராகப் பொருந்தி, அவற்றின் வழியே தூசை உறிஞ்சும் அமைப்பும் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். உடையிலுள்ள தூசை அழுத்தக் காற்றால் ஊதுவதும் தவறு; அது தூசை மூச்சுக்கே அனுப்பும், உடலுக்கும் தீங்கு செய்யும்.

மாணவர்களே! உங்களுள் சிலர் தொழிற்பயிற்சி நிலையங்களுக்குச் செல்வீர்கள். சிலர் பொறியாளராகிப் பட்டறைகளை நடத்துவீர்கள். கருவி வாங்கும் நாளில் விலையையும் வேகத்தையும் மட்டும் கேளாதீர்கள். அது எழுப்பும் தூசு எங்கே போகிறது என்றும் கேளுங்கள். சுரங்கத்தில் காற்றைச் செலுத்தியவர்கள், தொழிலாளியின் மூச்சையும் எண்ணியே அதனைத் தேர்ந்தார்கள். அந்த எண்ணம் நம் பட்டறைகளிலும் நிலைக்க வேண்டும். மேசை மெருகு பெறுவதோடு, அதற்கு மெருகு தந்தவரும் நலமாக வாழ வேண்டும்.