முகத்துக்கென அமைந்த வில்லை

1838 ஆம் ஆண்டளவில் லூயி டாகேர் என்பார் பாரிஸ் நகரின் பெருவீதி ஒன்றை உயர்ந்த சாளரமொன்றிலிருந்து எடுத்த படம் ஒளிப்படக்கலை வரலாற்று நூல்களில் தவறாது இடம்பெறுவதாகும். பகற்பொழுது, வண்டிகளும் மாந்தரும் நிறைந்த வீதி. எனினும் படத்திலோ அவ்வீதி வெறிச்சோடிக் கிடக்கின்றது. தம் சப்பாத்தைத் துலக்குவிப்பதற்காகக் காலொன்றை உயர்த்தி நின்ற ஒருவரும், அவர் காலடியிலிருந்த தொழிலாளியும் மாத்திரமே நிழலுருவாய்த் தெரிகின்றனர். ஏனையோர் அசைந்தனர், அசைந்தமையால் அழிந்தனர்.

மனிதன் ஒளிப்படத்துள் புகுந்தது இவ்வாறு தற்செயலாகவே. டாகேரின் முறை 1839 ஓகஸ்ட் 19 ஆந் திகதி பாரிசிலே பகிரங்கமாக்கப்பட்டபோது, அது கட்டடங்களுக்கும் சிலைகளுக்கும் உகந்ததாகவே காணப்பட்டது. மக்கள் விரும்பியதோ தத்தம் முகங்களை. முகப்படத்துக்கு எந்த வில்லை ஏற்றது என்பது இன்று கமரா வாங்கச் செல்லும் இளைஞர் கடைக்காரரிடம் கேட்கும் சாதாரண வினா. அதன் முதல் விடை வியன்னாவிலே ஒரு கணிதப் பேராசிரியரின் மேசையிற் பிறந்தது. ஆயினும் அவ்வினாவினுள் மற்றொரு வினாவும் அடங்கியுள்ளது. எதிரே இருப்பவரை எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில் இருத்தி நோக்குகிறோம் என்பதே அது. வில்லையின் வரலாற்றை இவ்விரண்டாம் வினாவின் வழி நோக்குதலே இக்கட்டுரையின் முயற்சி.

டாகேரின் கமராவுக்குப் பாரிசைச் சேர்ந்த செவாலியே செய்தளித்த வில்லையில், ஒளி புகும் துவாரத்தின் விட்டம் குவியத்தூரத்தின் பதினைந்தில் ஒரு பங்களவே இருந்தது. துவாரத்தைப் பெருப்பித்தால் உருவம் சிதைந்தது. சிறிதாகவே வைத்தால் வெயிலிலும் பல நிமிடங்கள் காத்திருக்க நேர்ந்தது. அத்தனை நிமிடங்கள் கண்ணிமையாதிருத்தல் யாருக்கும் இயல்வதன்று. கழுத்தின் பின்னே இரும்புக் கவ்வி பொருத்தித் தலையை நிறுத்தினர். புன்முறுவல் நிமிடக்கணக்கில் நிலைப்பதன்று. ஆதலால் அக்காலத்து முகங்கள் யாவும் கடுகடுப்பாய் உள்ளன. (நம் வீடுகளின் முன்விறாந்தைச் சுவரிலிருந்து பாட்டனாரும் பாட்டியாரும் நம்மை முறைத்துப் பார்ப்பது அவர்தம் சினத்தாலன்று. படப்பிடிப்பு விரைவுற்ற பின்னரும் பழைய இருப்பு ஒரு மரியாதையாக நிலைத்துவிட்டது.)

பிலடெல்பியாவில் றொபேட் கொர்ணேலியஸ் 1839 இலேயே தம் முகத்தைத் தாமே படமாக்கிக்கொண்டார். நியூயோர்க்கில் அலெக்சாண்டர் வொல்கொற் வில்லையையே நீக்கிக் குழிவாடியொன்றால் ஒளியைக் குவித்து, 1840 இல் முகப்பட நிலையம் ஒன்றையும் திறந்தார். குழிவாடி வேகமானதே, ஆயின் அது தந்த படமோ மிகச் சிறிது.

இனி வியன்னாவுக்கு வருவோம். வியன்னாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் எற்றிங்ஸ்ஹவுசன் 1839 இற் பாரிசிலிருந்து டாகேரின் முறையை அறிந்து திரும்பினார். வில்லையின் குறையைத் தம் சக ஆசிரியரான ஜோசெவ் பெற்ஸ்வாலிடம் எடுத்துரைத்தார். 1807 இல், இன்று சிலோவாக்கியாவாகவுள்ள பகுதியிற் பிறந்த பெற்ஸ்வால் கணித அறிஞர். கண்ணாடி தீட்டுபவர் அல்லர். அக்காலத்து வில்லைத் தொழிலாளர் கண்ணாடியைத் தீட்டிப் பார்த்து, பிழையெனின் மீண்டும் தீட்டிப் பழகியவர்கள். பெற்ஸ்வாலோ ஒரு கண்ணாடியையேனும் தீட்டுமுன் ஒளிக்கதிர்கள் செல்லும் வழியைத் தாளிலே கணிக்க முற்பட்டார். கணிக்கும் பொறி இல்லாக் காலம். இளவரசர் லுட்விக்கின் ஆதரவினால், பீரங்கிப் படையிற் கணக்குப் பயிற்சி பெற்ற வீரர் சிலர் அவருக்கு உதவியாக அனுப்பப்பட்டனர். குண்டு எங்கே விழும் எனக் கணித்தவர்கள், கண்ணிமையின் மயிரிலிருந்து புறப்படும் ஒளி எங்கே விழும் எனக் கணித்தார்கள்! ஏறத்தாழ ஆறு மாதங்களில் வேலை நிறைவெய்தியது.

முன்னே இரு கண்ணாடிகள் ஒட்டப்பெற்ற சோடி. பின்னே இரு கண்ணாடிகள் காற்றிடைவெளியுடன் நிற்கும் சோடி. இதுவே அவர் வகுத்த அமைப்பு. குவியத்தூரம் ஏறத்தாழ 149 மில்லிமீற்றர். துவாரமோ அதனை 3.6 ஆற் பிரித்து வரும் அளவினது. செவாலியேயின் வில்லையோடு ஒப்பிடின் ஏறத்தாழப் பதினேழு மடங்கு ஒளியை இது உட்புகவிட்டது. வியன்னாவின் பீற்றர் போக்ற்லெண்டர் 1840 இல் இதனைச் செய்து முடித்தார்; மறு ஆண்டில் முழுவதும் உலோகத்தாலான கமராவொன்றிற் பொருத்தி விற்றார். தகட்டின் உணர்திறனைப் புறோமீனால் உயர்த்தும் முறையும் அக்காலத்திலேயே வந்து சேரவே, நிமிடங்களில் அளக்கப்பட்ட காத்திருப்பு செக்கன்களுக்கு இறங்கியது.

இவ்வில்லைக்குக் குறையும் உண்டு. அது அமைக்கும் உருவம் தட்டையான தளத்தில் விழாது, கிண்ணத்தின் உட்புறம்போல் வளைந்த பரப்பிலேயே விழுகின்றது. தகடோ தட்டையானது. ஆகவே நடுப்பகுதி கூர்மையாயிருக்க, ஓரங்கள் மங்கிச் சுழல்வதுபோற் காணப்படும். இவ்வளைவுக்கான விதியைக் கண்டவரும் பெற்ஸ்வாலே. இன்றும் அது அவர் பெயரால் வழங்குகின்றது. நோயின் இலக்கணத்தை வகுத்தவரே அதனைத் தீர்க்க இயலாதிருந்தார் எனலாம். அதற்கு வேண்டிய கண்ணாடி வகைகள் ஜேனா நகரில் 1880 களிலேயே உருவாயின. ஆயினும் நிலக்காட்சிக்குக் கேடாயமைந்த இக்குறை முகத்துக்கு அணியாயிற்று. நோக்குபவரின் கண்ணும் படத்தின் நடுவே முகத்திலேயே தங்கியது. நாற்காலியும் திரைச்சீலையும் கவ்வியும் மங்கலில் மறைந்தன. முகப்படத்திற் பின்னணி மங்குதல் வேண்டும் என இன்று நாம் கொண்டுள்ள சுவையுணர்வு, ஒரு கணிதக் குறைபாட்டினால் நமக்குப் பழக்கப்பட்டதோ என ஐயுறலாம்.

பெற்ஸ்வால் இவ்வுழைப்புக்குப் பெற்றது 2000 கில்டர் மாத்திரமே. வில்லையோ உலகெங்கும் விலைபோயிற்று. அதைப் பார்த்துச் செய்தோர் பலர். போக்ற்லெண்டர் 1849 இல் ஜேர்மனியின் பிறவுன்ஸ்வைக்கில் ஆலை நிறுவி உற்பத்தியைத் தொடர, இருவரிடையே நிகழ்ந்த பிணக்கு தீரவேயில்லை. 1859 இல் வீட்டினுட் புகுந்த திருடரால் அவருடைய கையெழுத்துப் படிகளும் அழிந்தன. 1891 இல் அவர் மறைந்தபோது, அவ்வில்லை உலகின் எண்ணற்ற முகங்களைப் பதித்திருந்தது.

இவ்வழியில் வந்த வில்லையொன்றுக்கும் நம் நாட்டுக்கும் ஒரு தொடர்புண்டு. கோல்புறூக்–கமறன் ஆணைக்குழுவை வரலாற்று மாணவர் யாவரும் அறிவர். அக்கமறனின் மனைவியே ஜூலியா மாக்கிறற் கமறன். 1815 இற் கல்கத்தாவிற் பிறந்த அவர், 1863 இன் இறுதியில், தமது நாற்பத்தெட்டாவது வயதில், மகளும் மருமகனும் பரிசளித்த கமராவுடன் படமெடுக்கத் தொடங்கினார். அவரது முதல் வில்லை பிரான்சியரான ஜமின் செய்தது. பெற்ஸ்வாலின் அமைப்பைத் தழுவியது. குவியத்தூரம் ஏறத்தாழ 12 அங்குலம். தகடு 11 அங்குல நீளமும் 9 அங்குல அகலமும் உடையது. அதன் மூலைவிட்டம் 14 அங்குலத்துக்கு மேற்படுமாதலால், ஓரங்கள் மங்கலில் ஆழ்ந்தமை வியப்பன்று. 1866 அளவில் அவர் 15 அங்குலத் தகட்டுக்கும் 30 அங்குலக் குவியத்தூரமுடைய டல்மேயர் வில்லைக்கும் மாறினார். அதனால் முகம் ஏறத்தாழ இயல்பான அளவிலேயே தகட்டில் நிறைந்தது. காத்திருப்போ மீண்டும் நிமிடங்களுக்கு ஏறியது. கூர்மை போதாதென விமர்சகர் இகழ்ந்தனர். தமக்கு அழகெனப் பட்ட இடத்தில் வில்லையை நிறுத்திவிடுவதே தம் வழக்கம் என அவர் எழுதிவைத்துள்ளார். வானியலறிஞர் ஹேர்ஷல், கவிஞர் தெனிசன், டார்வின் ஆகியோரின் முகங்கள் நம் மனத்தில் நிற்பது பெரும்பாலும் அவர் படங்களின் வாயிலாகவே.

கோப்பித் தோட்டங்கள் கமறன் குடும்பத்துக்கு இலங்கையில் இருந்தன. 1875 இல் தம்பதியர் இங்கு வந்து குடியேறினர். களுத்துறையில் 1877 இல் அவர்களைக் கண்ட ஓவியர் மரியான் நோத், தாம் படமெடுக்கப்பட்ட கதையை நகைச்சுவையுடன் எழுதியுள்ளார். நண்பகல் வெக்கையிற் கம்பளித் துணியைப் போர்த்தி, தென்னோலை தலையிற் குத்த நிறுத்தி, இயல்பாக இருக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டதாம். அவர் கூறும் மற்றொரு செய்தி இன்னும் கருதத்தக்கது. இந்நாட்டவர் ஒருவரின் முதுகின் அழகில் மயங்கிய அம்மையார், தோட்டமே இல்லாதிருந்தும் அவரைத் தோட்டக்காரராக வேலைக்கு வைத்துக்கொள்ளச் செய்தாராம்.

இலங்கையில் எடுத்தனவாக எஞ்சியுள்ள அவரது படங்கள் முப்பதுக்கும் குறைவு. கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் அவற்றில் உள்ளனர். ஆங்கிலேயர் படங்களின் கீழே பெயர் உண்டு; பலவற்றில் கையொப்பமும் உண்டு. இலங்கையிற் படமாக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவற்றிற்குப் பெயரில்லை. ‘களுத்துறைக் குடியானவர் குழு’ என்பது போன்ற தலைப்புகளே உண்டு. ஒரே கை, ஒரே கண். இங்கிலாந்தில் முகத்தருகே சென்றவர், இங்கே குழுவாகவும் முழுவுருவாகவும் நிறுத்திப் பின்வாங்கியமை பலவிடத்துக் காணக்கிடக்கின்றது. அம்மையார் 1879 இல் மறைந்து, பொகவந்தலாவையிலுள்ள தேவாலய மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பின்வாங்குதல், அணுகுதல் என்றோம். ஒளிப்படத்தில் இதுவே அடிப்படை. முகத்தின் வடிவை மாற்றுவது வில்லையன்று, தூரமே. வில்லை அத்தூரத்தை நமக்கு விதிக்கின்றது, அவ்வளவே. மூக்கின் நுனிக்கும் காதுக்கும் இடையே 12 சென்ரிமீற்றர் எனக் கொள்வோம். 60 சென்ரிமீற்றர் தூரத்திலிருந்து எடுத்தால், மூக்கு காதைவிட ஐந்தில் ஒரு பங்கு பெரிய அளவில் வரையப்படும். முகம் பூசணிபோற் புடைக்கும். ஒன்றரை மீற்றரிலிருந்து எடுத்தால் அவ்வேறுபாடு பன்னிரண்டில் ஒரு பங்கினும் சிறிதாகும். இரு நண்பர் அமர்ந்து உரையாடும் தூரமும் ஏறத்தாழ இதுவே. 35 மில்லிமீற்றர்ப் படச்சுருள் கமராவில், ஒன்றரை மீற்றரிலிருந்து தலையும் தோளும் சட்டத்தை நிறைக்க வேண்டுமாயின் 85 மில்லிமீற்றர் அளவான குவியத்தூரம் வேண்டும். முகப்படத்துக்கு 85 முதல் 105 வரை எனக் கடைக்காரர் கூறும் எண்ணின் பொருள் இதுதான்.

லைக்கா கமரா 1925 இற் சந்தைக்கு வந்தபின் இவ்வகை வில்லைகள் பெருகின. சைஸ் நிறுவனத்தில் லுட்விக் பேற்றெலே வகுத்த சொனார் அமைப்பு 1930 களின் தொடக்கத்தில் வந்தது. அதே நூற்றாண்டில் ஒரு முகப்படம் ஒரு நாட்டின் தொழிலையே உலகறியச் செய்த கதையும் உண்டு. 1950 இல், தோக்கியோவில் மிக்கி ஜுன் என்னும் இளம் படப்பிடிப்பாளர், சொனாரைத் தழுவி யப்பானிற் செய்யப்பட்ட 85 மில்லிமீற்றர் நிக்கோர் வில்லையால் அமெரிக்கரான டேவிட் டக்ளஸ் டங்கனை விளையாட்டாகப் படமெடுத்தார். படத்தின் கூர்மையைக் கண்ட டங்கன் ஆலைக்கே சென்று வில்லைகளைச் சோதித்தார். அவ்வாண்டு யூன் 25 இற் கொரியப் போர் மூண்டது. அவர் தம் லைக்காவில் நிக்கோர் வில்லைகளைப் பூட்டிக்கொண்டே களத்துக்குச் சென்றார். யப்பானிய வில்லை என்றால் மலிவுச் சரக்கு என்றிருந்த எண்ணம் அதன்பின் மாறலாயிற்று.

குவியத்தூரத்தை வேண்டியவாறு மாற்றும் சூம் வில்லைகள் இன்று மலிந்துள்ளன. அவற்றின் கூர்மையும் குறைவுடையதன்று. பின்னர், மாறாக் குவியத்தூரமுடைய வில்லையை ஏன் நாடவேண்டும்? ஒளியை மிகுதியாகப் புகவிடுவது ஒரு காரணம். மற்றது, சூம் உடையவர் நின்ற இடத்திலேயே நின்று வளையத்தைத் திருகுவார். மாறா வில்லை உடையவரோ கால்களால் நடந்தே தீர வேண்டும். என்னைக் கேட்பின் பின்னையதையே பெரிதெனச் சொல்வேன். நடந்து அருகே வருபவர் ஒரு வார்த்தையேனும் பேசியாக வேண்டும். துவாரத்தை முழுவதும் திறந்துவிடும் ஆசையைத் தொடக்கத்தில் அடக்குதல் நன்று. 85 மில்லிமீற்றர் வில்லையில் துவாரம் குவியத்தூரத்தை 1.8 ஆற் பிரித்த அளவாயின், ஒன்றரை மீற்றரிற் கூர்மையின் ஆழம் மூன்று சென்ரிமீற்றர் அளவே. கமராவுக்கு அண்மையான கண்ணிற் கூர்மையை நிறுத்த வேண்டும். சற்றே பிழைத்தாற் கண் மங்கி மூக்குத் தெளிவாகும்.

இவ்வரலாற்றில் மிகப் பெயர்பெற்ற முகப்படம் 105 மில்லிமீற்றர் நிக்கோர் வில்லையால் எடுக்கப்பட்டது. 1984 இல், பெஷாவருக்கு அண்மையில் உள்ள நாசிர் பாக் அகதி முகாமில், ஸ்டீவ் மக்கரி ஆப்கானியச் சிறுமி ஒருத்தியைப் படமெடுத்தார். அது 1985 யூனில் நஷனல் ஜியோகிறபிக் சஞ்சிகையின் அட்டையில் வெளிவந்தது. வில்லை தன் கடமையைக் குறைவறச் செய்தது: பின்னணி மங்க, பச்சைக் கண்கள் இரண்டும் உலகை நேரே நோக்கின. களுத்துறையில் நேர்ந்ததே அங்கும் நேர்ந்தது. பெயரை எவரும் குறித்துக்கொள்ளவில்லை. பதினேழு ஆண்டுகள் அவர் ‘ஆப்கானியச் சிறுமி’யாகவே இருந்தார். 2002 ஜனவரியில் அவரைத் தேடிச் சென்றோர் கண்டறிந்த பின்னரே ஷர்பத் குலா என்னும் பெயர் படத்தோடு சேர்ந்தது. அப்படத்தை அவர் முதன்முதலாகக் கண்டதும் அன்றுதான்.