வீங்கியது எது?

சில மாதங்களுக்கு முன் மாலைச் செய்தியில் 'பணவீக்கம் குறைந்தது' என்று ஓடியது. பருப்பு புடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "அப்போ விலையெல்லாம் இறங்குமாடா?" என்றாள். "இறங்காதும்மா. ஏறுற வேகம்தான் குறைஞ்சிருக்கு" என்றேன். "வீக்கம் வடிஞ்சா கால் பழையபடி ஆகணுமில்ல? இது என்ன வீக்கம்?"

நூறு ரூபாய்ப் பொருள் போன வருஷம் நூற்றுப்பத்து, இந்த வருஷம் நூற்றுப்பதினான்கு என்றால், பணவீக்கம் 10 சதவீதத்திலிருந்து நாலுக்கும் கீழே வந்துவிட்டது என்பார்கள். பொருளின் விலையோ ஏறித்தான் இருக்கிறது. கணக்கைச் சொல்லிவிட்டேன். ஆனால் அம்மாவின் கேள்வி கணக்கைப் பற்றியதல்ல, சொல்லைப் பற்றியது. வீங்கியது எது?

'இன்ஃப்ளேஷன்' என்ற சொல்லின் வேர் லத்தீன். காற்றை உள்ளே ஊதுவது என்று பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது அமெரிக்க அரசியலுக்குள் வந்தது. 1862-இல், உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக லிங்கனின் அரசு, தங்கமாக மாற்றித் தரும் உறுதி இல்லாத காகித நோட்டுகளை வெளியிட்டது. பின்புறம் பச்சை மையில் அச்சானதால் 'கிரீன்பேக்' என்று பெயர். அப்போது இன்ஃப்ளேஷன் என்றால் நோட்டுப் புழக்கத்தை ஊதிப் பெருக்குவது. விலையேற்றம் அதன் விளைவு. அதற்கு வேறு சொற்கள் இருந்தன.

போர் முடிந்து 1873-இல் நெருக்கடி வந்தபோது, கடனில் மூழ்கிய மேற்கத்திய விவசாயிகளுக்கு நோட்டு கூடுவது நல்லதாகப் பட்டது. கடன் கொடுத்தவர்களுக்கு அது கொள்ளை. அடுத்த ஆண்டு நோட்டுகளைக் கூட்டும் மசோதாவை அமெரிக்கக் காங்கிரஸ் நிறைவேற்றியது. 'இன்ஃப்ளேஷன் மசோதா' என்றே அதற்குப் பெயர். ஜனாதிபதி கிராண்ட் அதை ரத்து அதிகாரத்தால் நிறுத்தினார். ஊதுபவர் யார், ஊதக்கூடாது என்பவர் யார் என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் சொல் நகர்ந்துவிட்டது. காரணத்தின் பெயர் விளைவுக்குப் போனது. விலையேற்றமே இன்ஃப்ளேஷன் ஆயிற்று. பிறகு ஏறும் வேகத்தைக் காட்டும் ஒரு சதவீத எண்ணாகவும் ஆனது. எல்லா விலையேற்றத்துக்கும் நோட்டுதான் காரணம் என்று சொல்ல வரவில்லை. மழை பொய்த்தாலும் ஏறும், எண்ணெய் வரும் வழியில் போர் மூண்டாலும் ஏறும். ஆனால் சொல் நகர்ந்ததில் ஊதியவர் கண்ணிலிருந்து மறைந்துபோனார்.

அந்த மறைவின் விலையை நம் நாட்டிலேயே பார்க்கலாம். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் இங்கே வாங்கிய சரக்குகளுக்கும் இங்கிருந்த படைகளுக்கும் ஆன செலவின் பெரும்பகுதி லண்டனில் ஸ்டெர்லிங் கணக்காக எழுதி வைக்கப்பட்டது. அந்தக் கணக்கை ஈடாகக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் அச்சடித்தது. ஆறு ஆண்டுகளில் நோட்டுப் புழக்கம் ஆறு மடங்குக்கும் மேல் ஆனது. வாங்கக் கிடைத்த பொருள் அப்படிப் பெருகவில்லை.

வங்காளத்தில் பர்மா அரிசி நின்றிருந்தது. 1942 அக்டோபரில் புயல் வேறு. அந்த டிசம்பரில் மணங்கு (அந்த ஊர்க் கணக்கில் ஏறத்தாழ 37 கிலோ) பதின்மூன்று பதினான்கு ரூபாய்க்கு விற்ற அரிசி, 1943 மே மாதத்தில் முப்பதைத் தாண்டியது, ஆகஸ்டில் முப்பத்தேழு. கல்கத்தாவின் போர்த்தொழிற்சாலை ஊழியர்களுக்கு மலிவு விலையில் அரிசி கிடைத்தது. கிராமத்து விவசாயக் கூலிக்கும் மீனவருக்கும் கையில் இருந்தது பழைய கூலிதான். இறந்தவர்கள் ஏறத்தாழ முப்பது லட்சம் என்பது அமர்த்தியா சென்னின் கணக்கு. போருக்கான செலவில் ஒரு பங்கை, யாரும் வரி என்று சொல்லாமலேயே, அவர்கள் கட்டினார்கள்.

இன்று 2016 முதல் ரிசர்வ் வங்கிக்குச் சட்டப்படி ஓர் இலக்கு உண்டு: சில்லறை விலைக் குறியீட்டில் 4 சதவீதம், இரண்டு கூடலாம், இரண்டு குறையலாம். நல்ல ஏற்பாடுதான். எண் கட்டுக்குள் இருந்தால் வீக்கம் இல்லை என்று பேசப் பழகிவிட்டோம்.

தமிழில் 'பணவீக்கம்' என்கிறோம். வீங்குவது பணம் என்று அந்தச் சொல் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலம் மறந்ததை நம் மொழிபெயர்ப்பு மறக்கவில்லை. அம்மா புழங்கும் சொல்லோ 'விலைவாசி'. வாசி என்றால் வேறுபாடு. நாணயம் மாற்றும்போது கழிக்கும் வட்டத்துக்கும் அதே பெயர். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நடந்ததாகச் சேக்கிழார் சொல்லும் கதை நினைவுக்கு வருகிறது. அப்பருக்கும் சம்பந்தருக்கும் தினம் ஒரு காசு கோயிலில் கிடைத்தது. அப்பர் காசு கடையில் அப்படியே செல்லுபடியானது. சம்பந்தர் காசுக்கு வாசி கழித்தார்கள். அவர் மடத்தில் அடியார்களுக்குச் சோறு தாமதமானது. சம்பந்தர் கடைக்காரரோடு சண்டை போடவில்லை. காசு கொடுத்தவரிடமே போய், வாசியில்லாத காசு கொடு என்று பாடினார்.

இந்தக் கதையை அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு அது முன்பே தெரியும். பருப்பில் கிடந்த கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "அவருக்கு யார்கிட்ட கேக்கணும்னு தெரிஞ்சிருந்துச்சு" என்றாள்.