எஸ். என். லட்சுமி

எஸ். என். லட்சுமி (1927–2012) தமிழ் நாடக, திரைப்பட நடிகை. ஏறக்குறைய அரை நூற்றாண்டு தாயாகவும் பாட்டியாகவும் திரையில் வாழ்ந்தவர். விருதுநகரை அடுத்த சென்னல்குடியில் நாராயணத் தேவரின் மகளாக, பதின்மூன்றாவது பிள்ளையாகப் பிறந்தார். ஊரும் தந்தையும் அவர் பெயரின் முன்னெழுத்துகளாயின. அந்த வட்டாரம் அன்று இராமநாதபுரம் மாவட்டத்துச் சாத்தூர் தாலுகாவில் இருந்தது. வானம் பார்த்த கரிசல் பூமி. பெரிய குடும்பத்தின் வறுமை அவரைச் சிறு வயதிலேயே ஆட்டத்துக்கும் நாடகத்துக்கும் அனுப்பியது.

சென்னையில் ஜெமினி ஸ்டூடியோவின் குழு நடனக்காரர்களில் ஒருவராகச் சேர்ந்தார். முரசு நடனத்தால் பேர் பெற்ற 'சந்திரலேகா' (1948) அவர் ஆடிய படம். பின்னர் நாடக மேடைதான் அவருக்கு நடிப்பைக் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம்.

திருப்புமுனை 'சர்வர் சுந்தரம்' (1964). கே. பாலசந்தர் கதையில் கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய அப்படத்தில் நாகேஷுக்குத் தாயானார். நாகேஷ் பிறந்தது 1933இல். அம்மாவுக்கும் மகனுக்கும் ஆறே வயது வித்தியாசம்! முப்பத்தேழு வயதுப் பெண்ணை நரைமுடியில் உட்கார வைத்துவிட்டால் தமிழ் சினிமா பிறகு எழுந்திருக்க விடாது. லட்சுமிக்கும் அதுவே நடந்தது. ஆனால் கிடைத்த அந்தச் சிறு இடத்தை அவர் விரித்த விதம் அசாத்தியமானது.

அதற்குச் சிறந்த சான்று சிங்கீதம் சீனிவாசராவின் 'மைக்கேல் மதன காமராஜன்' (1990). கண்ணில் பட்டதைச் சுருட்டி மறைக்கும் பாட்டி; ஊர்வசியின் திரிபுரசுந்தரிக்குத் துணை. பாட்டி என்றாலே கண்ணீரும் ஆசீர்வாதமும் என்றிருந்த வழக்கத்தை, அந்தக் கைவரிசையும் அப்பாவி முகமும் சேர்ந்து உடைத்தன. கரிசல் மண்ணில் பிறந்தவர் அக்கிரகாரத்துப் பாட்டியாகவே மாறியிருந்தார். 'தேவர் மகன்' (1992) படத்திலும் நடித்தார். 'மகாநதி'யில் (1994) கமல்ஹாசனின் மாமியார். குடும்பம் சிதறும்போது பேரப்பிள்ளைகளைக் காக்க முடியாமல் தவிக்கும் முதியவள். 'விருமாண்டி'யில் (2004) நாயகனின் பாட்டியாகத் தென்மாவட்டத்துப் பேச்சுக்கே திரும்பினார். இந்த மூன்று பாட்டிகளையும் அடுத்தடுத்துப் பார்த்தால்தான் அவர் வீச்சு புரியும்.

திருமணம் செய்துகொள்ளவில்லை. கலைமாமணி விருது பெற்றவர். கடைசிக் காலத்தில் விஜய் தொலைக்காட்சியின் 'சரவணன் மீனாட்சி' தொடரிலும் பாட்டியாக வந்தார். 2012 பிப்ரவரி 20 அன்று சென்னையில் காலமானார்.