நாவும் மாவும்: கெடா தோட்டப்புறத்தில் ஒரு நோய்க்குறியின் வரலாறு

தமிழில் நா என்னும் சொல் உறுப்பையும் உரையையும் ஒருங்கே குறிக்கும். நாவலர், நாவன்மை என வழங்கும் சொற்கள் இதற்குச் சான்று. தொல்காப்பியப் பிறப்பியல், நாவின் அடியும் இடையும் நுனியும் அண்ணத்தைப் பொருந்தும் முறையைக்கொண்டு எழுத்துகளின் பிறப்பை விளக்குகிறது. இதே உறுப்பைச் சித்த மருத்துவம் வேறொரு நோக்கில் ஆராய்ந்தது. நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்னும் எண்வகைத் தேர்வில் நாவுக்கு ஓரிடமும் மொழிக்கு ஓரிடமும் தனித்தனியே உண்டு.

நாவின்மேல் படியும் படலத்தைச் சித்த மருத்துவர் மா என்றனர். மாவைத் தூவியது போன்ற தோற்றத்தால் அமைந்த பெயர் எனலாம். கறுத்து வெடித்த நா வளியையும், மஞ்சளித்த அல்லது சிவந்த நா அழலையும், வெளுத்து மாப்படிந்த நா ஐயத்தையும் காட்டும் என்பது அவர்தம் கணிப்பு.

இன்றைய மருத்துவம் மா உண்டாகும் முறையை விளக்குகிறது. நாவின் மேற்புறத்தில் நுண்ணிய அரும்புகள் உள்ளன. உதிர்ந்த உயிரணுக்களும் உணவுத் துகளும் நுண்ணுயிரிகளும் அவற்றிடையே தங்குகின்றன. மெல்லுதலும் உமிழ்நீரும் இவற்றை நாள்தோறும் நீக்குகின்றன. காய்ச்சலில் உணவும் உமிழ்நீரும் குறைவதால் மா தடிக்கிறது. ஆகவே மா என்பது உடல் தளர்ந்திருத்தலின் பொதுக்குறியேயன்றி, இன்ன நோய் என்று சுட்டும் தனிக்குறி அன்று. மாறாக, இரும்புச்சத்தும் சில உயிர்ச்சத்துகளும் குறைந்தால் அரும்புகள் தேய்ந்து நா வழவழப்பாகும், சோகையில் வெளிறும்.

இவ்வறிவு கடல் கடந்து வந்தது. கடாரம் என நம் முன்னோர் அறிந்த கெடா, 1909ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் மேலாண்மைக்கு மாறியது. சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. கங்காணிகள் வழியே தமிழர் குடியேறினர். மலேரியாவும் வெறுங்கால் வழியே புகும் கொக்கிப் புழுவும் தோட்ட மக்களை வாட்டிய காலம் அது. லயத்தில் நாட்டு வைத்தியம் அறிந்த மூத்தோரும் மருந்தகத்தில் டிரசரும் நோயாளியிடம் முதலில் கேட்டது ஒன்றே: “நாக்கை நீட்டு.” இரு மருத்துவ மரபுகளும் சந்தித்த இடம் நா எனலாம்.

ஆயினும் இம்மரபு ஒன்றைக் காணத் தவறியது. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று பால்மரம் வெட்டியவர்களுக்கு வெற்றிலை பாக்கே துணை. பலர் அதனுடன் புகையிலையும் சேர்த்து மென்று கன்னத்தில் அடக்கினர். 1946, 1947ஆம் ஆண்டுகளில் பீடோங் ஹார்வர்ட் தோட்டத்தில் தோன்றிய தொண்டர் படை கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியது. கள் குடும்பத்தைக் கெடுப்பது கண்கூடு. வெற்றிலையோ மங்கலப் பொருள். தாம்பூலத்துக்கும் திருமணத்துக்கும் உரியது. அதனைத் தீங்கென்று ஐயுறுதல் எளிதன்று.

அதன் விளைவைப் பின்னாளில் கண்டோம். 1993, 1994ஆம் ஆண்டுகளில் மலேசியா தழுவி நடந்த வாய்நோய் ஆய்வில், வாய்ப்புற்றுக்கு முந்திய மாற்றங்கள் இந்தியரிடையே மிகுதியாகக் காணப்பட்டன. பாக்கு மட்டுமே புற்றுநோயை விளைவிக்க வல்லது என்றும், புகையிலை சேராத வெற்றிலைப் பாக்கும் அத்தகையதே என்றும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுதியில் அறிவித்தது.

இம்மாற்றங்களுள் முதன்மையானது நாவிலோ கன்னத்தின் உட்புறத்திலோ தோன்றும் வெண்ணிறத் திட்டு. அதுவும் வெண்மையே, ஆனால் மா அன்று. மா வழித்தால் நீங்கும்; இத்திட்டு வழித்தாலும் நீங்காது. பெரும்பாலும் வலியும் இராது. ‘நாக்கு வெளுத்திருக்கிறது’ என்னும் ஒரே தொடரால் இரண்டையும் சொல்லும்போது, சூடு என்றும் வயிற்றுக்கோளாறு என்றும் எண்ணி மோர் குடித்துக் காத்திருக்க நேர்கிறது. சொல் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்றெனக் கொள்ளும் மயக்கம் இது. மொழியியலார்க்கு இது பழகிய மயக்கம். இங்கே அதன் விலை உயிராகவும் இருக்கக்கூடும்.

எனவே, வழித்தால் நீங்குவதை மா என்றும், நீங்காததை வெண்திட்டு என்றும் பிரித்து வழங்குதல் நலம் என்பது நம் கருத்து. நீங்கும் படலமும் சிலவேளை பூஞ்சைத் தொற்றாகலாம். நாள்பட்டால் அதனையும் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். இரண்டு வாரம் கடந்தும் மாறாத வெண்திட்டையோ செந்திட்டையோ ஆறாத புண்ணையோ பல் மருத்துவரிடம் காட்டத் தாமதித்தல் கூடாது.

தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, மக்கள் நகரங்களுக்கு இடம்பெயர்ந்துவிட்டனர். வெற்றிலைப் பழக்கம் முதியோர் பலருடன் கூடவே வந்துள்ளது. மருத்துவமனையில் லிடா என்னும் மலாய்ச் சொல்லால் நாவைப் பற்றிப் பேசும் பேரப்பிள்ளைகளே இன்று அவர்களுக்கு மொழிபெயர்ப்பாளர்கள். ஆசிரியர்கள் வகுப்பறையில் இவ்விரு சொற்களையும் வேறுபடுத்திக் கற்பிப்பார்களாயின், மாணவர் அவற்றை வீட்டுக்குக் கொண்டுசெல்வர்; பாட்டியின் வாயை ஒருமுறை விளக்கொளியில் பார்க்கவும் செய்வர்.