பட்டறையிலிருந்து வரைமேசைக்கு: பொறியியல் வரைபட வரலாற்றில் முடிவுரிமையின் இடப்பெயர்வு

ஆய்வுச் சுருக்கம்

பொறியியல் வரைபடத்தின் வரலாறு பெரும்பாலும் வடிவியலின் வளர்ச்சியாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. காஸ்பார் மோன்ஜ் வகுத்த விவரண வடிவியலை அவ்வளர்ச்சியின் உச்சமாகக் கொள்வதும் வழக்கம். ஒரு பொருளின் வடிவையும் அளவையும் முடிவு செய்யும் உரிமை, செய்பவரிடமிருந்து வரைபவரிடம் இடம்பெயர்ந்த வரலாறும் அதனுள் அடங்கியுள்ளது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஐரோப்பியக் கல்தச்சர் மரபு, பிரெஞ்சு இராணுவப் பொறியியல், பிரித்தானிய நீராவிப்பொறித் தொழில், நீலப்படி ஆகிய நான்கு கட்டங்கள் இங்கு ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பொறியியல் வரைபடம், விவரண வடிவியல், வீழல், வரைவகம், நீலப்படி, கைவினை அறிவு

முன்னுரை

ஒரு பொறி உறுப்பின் வரைபடத்தில் முன்தோற்றம், மேல்தோற்றம், பக்கத்தோற்றம் எனத் தனித்தனியே நிற்கும் கோட்டுருவங்களும், எண்களும், குறியீடுகளும் காணப்படுகின்றன. அவ்வுறுப்பை முன்பின் கண்டிராத ஒருவர், வரைந்தவரிடம் ஒரு சொல்லும் கேளாமல் அதனைச் செய்து முடிக்க வேண்டும் என்பதே அவ்வரைபடத்தின் நோக்கம்.

வரைபடம் தொன்மையானது. பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள, ஏறத்தாழ கி.மு. 2100ஐச் சேர்ந்த லகாஷ் ஆட்சியாளர் குதேயாவின் அமர்ந்த சிலையொன்றில், மடிமீது கோயில் வளாகச் சுவரின் தளப்படமும் அளவுகோலும் செதுக்கப்பட்டுள்ளன. ஆயினும் தளப்படம் ஒன்று இருந்தது என்பதாலேயே அது தனித்து நின்று கட்டளையிட்டது என்று கொள்ள இயலாது. பார்த்துச் செய்வதற்கான படம் பழமையானது. கேளாமல் செய்வதற்கான படம் அண்மைக் காலத்தது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவே இக்கட்டுரையின் பொருள்.

கல்தச்சரின் வடிவியல்

ஸ்ட்ராஸ்பர்க் பேராலய முகப்பிற்கு 13ஆம் நூற்றாண்டில் வரையப்பட்ட படங்கள் இன்றும் எஞ்சியுள்ளன. அவை நுணுக்கமானவை. எனினும் இக்கால வரைபடத்தின் உயிரான அளவெண்கள் அக்கால வரைபடங்களில் பொதுவாக இடம்பெறுவதில்லை. அதன் காரணத்தை ரேகன்ஸ்பர்க் நகரின் தலைமைக் கல்தச்சர் மத்தேஸ் ரோரிட்சர் 1486இல் வெளியிட்ட சிறுநூல் விளக்குகிறது. சிறு கோபுர முடி ஒன்றின் தளத்தை ஒரு சதுரமாகக் கொண்டு, அதனுள் திருப்பி வைக்கப்பட்ட சதுரங்களை அடுத்தடுத்து வரைந்து, முடியின் எல்லா அளவுகளையும் அவற்றிலிருந்தே பெறும் முறையை அந்நூல் கூறுகிறது. கவராயமும் நேர்கோலும் போதும். முதற் சதுரத்தின் பருமையை முடிவு செய்தால் மற்றவை தாமே அமையும். எனவே அளவு தாளில் இருக்க வேண்டிய தேவை எழவில்லை. அது தச்சர் கற்ற செய்முறையில் இருந்தது.

இந்நிலையை மாற்றக்கூடிய கருத்து இத்தாலியில் தோன்றியது. லியோன் பத்திஸ்தா ஆல்பெர்தி, 1485இல் அச்சான தம் கட்டடக்கலை நூலில், ஓவியரின் வரைவையும் கட்டடக்கலைஞரின் வரைவையும் வேறுபடுத்தினார். ஓவியர் நிழலாலும், தொலைவுக்கேற்பச் சுருங்கும் கோடுகளாலும் திரட்சியைக் காட்டுகிறார்; கட்டடக்கலைஞர் தளப்படத்தினின்று எழுப்பி, கோணமும் நீளமும் மாறாத உண்மை அளவைக் காட்ட வேண்டும். கண்ணுக்குத் தோன்றுவதைத் துறந்து பொருளின் அளவைப் பேணும் இக்கொள்கையே பின்னாளைய பொறியியல் வரைபடத்தின் அடிப்படை.

ஆல்பெர்தியின் தொழில்முறையும் கவனத்திற்குரியது. ரிமினி நகரின் புனித பிரான்செஸ்கோ ஆலயப் பணியை அவர் தொலைவிலிருந்தே நெறிப்படுத்தினார். 1454இல் களப்பணியை நடத்திய மத்தேயோ தெ பாஸ்திக்கு எழுதிய மடலில், தூண்களின் அளவை மாற்றினால் முழு அமைப்பின் இசைவும் கெடும் என்று எச்சரித்தார். களத்தில் இல்லாத ஒருவர், களத்தில் இருப்பவர் அளவை மாற்றலாகாது என்கிறார். உண்மை அளவைக் கோரும் வரைவுக் கொள்கையும் முடிவுரிமையைக் கோரும் குரலும் ஒருவரிடமே சேர்ந்து தோன்றியமை தற்செயலன்று.

இக்கோரிக்கை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. பிரெஞ்சு வடிவியலறிஞர் ஜிரார் தெசார்க் 1640இல் கல்வெட்டும் பணிக்குப் பொதுவான வடிவியல் முறையொன்றை வெளியிட்டார். கல்வெட்டுத் தொழிலில் வல்லவரான ழாக் குராபெல் 1644இல் அதனைக் கடுமையாக மறுத்தார். செயலிற் காட்டிப் பந்தயத்தால் தீர்க்கலாம் என்ற பேச்சு எழுந்தது. நடுவர் வடிவியலறிஞரா, தச்சரா என்பதில் இணக்கம் ஏற்படாமல் அது முறிந்தது. பூசல் கல்லை எவ்வாறு வெட்டுவது என்பதைக் கடந்து, வெட்டியது சரியா என்று தீர்ப்பளிக்கும் தகுதி யாருக்கு உரியது என்பதாக மாறியிருந்தது.

மெசியேர்: இரகசியமாகக் காக்கப்பட்ட வடிவியல்

தெசார்க் விட்ட பணியை ஒரு நூற்றாண்டுக்குப் பின் இராணுவப் பொறியியல் நிறைவேற்றியது. 1748இல் நிறுவப்பட்ட மெசியேர் அரச பொறியியற் பள்ளியில் அதிகாரிப் பயிற்சி உயர்குடியினருக்கே திறந்திருந்தது. வணிகர் மகனான மோன்ஜ் (1746–1818) அங்கு வரைவும் மாதிரி வார்ப்பும் செய்யும் பிரிவிலேயே இடம் பெற்றார். பகைவர் சுடக்கூடிய உயரிடங்களின் பார்வையிலிருந்து கோட்டையின் உட்பகுதி மறையுமாறு மதிலை அமைக்கும் கணக்கு அவரிடம் தரப்பட்டது. நீண்ட எண்கணிதத்தால் செய்யப்பட்டு வந்த அதனை அவர் வரைந்தே தீர்த்தார். இத்துணை விரைவில் விடை கிடைக்காது என்று கருதிய மேலதிகாரி முதலில் அதனைச் சரிபார்க்கவே மறுத்தார்.

அம்முறையின் சாரம் எளிது. ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு தளங்கள் கற்பிக்கப்படுகின்றன. பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அவ்விரு தளங்களுக்கும் செங்குத்துகள் வீழ்த்தப்படுகின்றன. பின்னர் நிலைத்தளத்தை, இரு தளங்களும் சந்திக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு கிடைத்தளத்தோடு மடக்கினால் இரண்டும் ஒரே தாளில் அமைகின்றன. ஒரு புள்ளியின் இரு வீழல்களும் சேர்ந்து வெளியில் அதன் இடத்தை ஐயமின்றி உறுதி செய்கின்றன. தளப்படமும் முகப்புப்படமும் முன்னரே வழக்கில் இருந்தவை. அவற்றைக் கொண்டு உண்மை நீளங்களையும், பரப்புகள் வெட்டிக்கொள்ளும் கோடுகளையும் தாளிலேயே கண்டறியும் பொதுமுறையே மோன்ஜின் கொடை.

இம்முறை பல ஆண்டுகள் இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்டது. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னரே, 1795இல் பாரிஸ் எகோல் நோர்மால் பள்ளியில் மோன்ஜ் அதனைப் பொதுவில் கற்பித்தார். 1799இல் அது நூலாயிற்று. பிரெஞ்சுத் தொழிலை அயல்நாட்டுச் சார்பிலிருந்து விடுவிப்பது தம் நோக்கங்களுள் ஒன்று என அவர் அறிவித்தார். 1816இல் குளோது குரோசே இதனை அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்விக்கழகத்திற்குக் கொண்டு சென்றார்.

சோஹோ: தொலைவு உருவாக்கிய வரைவகம்

வடிவியலின் வளர்ச்சி மட்டுமே வரைபடத்திற்குக் காரணம் எனில், மோன்ஜின் முறை பரவாத பிரித்தானியாவில் அக்காலத்தில் தொழில்முறை வரைவகம் வளர்ந்திருக்கலாகாது. உண்மை வேறு. 1775இல் கூட்டுத்தொழில் தொடங்கிய மேத்யூ போல்டனும் ஜேம்ஸ் வாட்டும், தொடக்கத்தில் நீராவிப்பொறிகளை முழுமையாகத் தாமே செய்து விற்கவில்லை. உருளைகளை ஜான் வில்கின்சன் வார்த்தார். நுண்ணிய சில உறுப்புகள் பர்மிங்காம் அருகிலுள்ள சோஹோவிலிருந்து சென்றன. எஞ்சியவற்றை வாடிக்கையாளரே பிறரிடமிருந்து பெற்றுக்கொண்டார். கார்ன்வால் சுரங்கம் போன்ற தொலைவிடங்களில் அவற்றை ஒன்றுசேர்க்கப் பொருத்துநரும் வரைபடங்களும் அனுப்பப்பட்டன. பல கைகளில் சிதறிக் கிடந்த பொறியை ஒரே பொறியாக நிறுத்தியதில் வரைபடத்தின் பங்கு பெரிது.

எனவே படி எடுத்தல் தொழிலின் அன்றாடத் தேவையாயிற்று. மடல்களுக்கும் வரைவுகளுக்கும் பயன்படும் படியெடுக்கும் அழுத்துபொறிக்கு வாட் 1780இல் காப்புரிமை பெற்றார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் வில்லியம் ஃபாரிஷ் 1822இல் வெளியிட்ட சம அளவுத் தோற்ற முறையும் இத்தகைய தேவையிலிருந்தே பிறந்தது: விரிவுரைக்கு விரிவுரை பிரித்துப் பூட்ட வேண்டிய மாதிரிப் பொறிகளை உதவியாளர்கள் தாமே பூட்டுவதற்குப் படங்கள் வேண்டியிருந்தன. சொல்பவர் அருகில் இல்லாத இடத்தில் வரைபடம் அவருக்காகப் பேசியது.

நீலப்படியும் எழுதப்பட்ட விலகலும்

19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வரைபடத்தின் ஒவ்வொரு படியும் கையாலேயே படியெழுதப்பட்டது. ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டறிந்த இரும்பு உப்பு ஒளிப்படிமுறை, 1870களில் வரைவகங்களுக்குப் பரவியது. ஒளி புகும் தாளில் அல்லது துணியில் வரைந்த மூலத்தினின்று, நீலப் பின்புலத்தில் வெண்கோடுகளாக எத்தனை படியும் எடுக்கலாம். மூலம் வரைவகத்தில் தங்கியது. பட்டறைக்குப் படி மட்டுமே சென்றது. திருத்தம் மூலத்தில்தான் நிகழ வேண்டும் என்பதால், திருத்தும் உரிமையும் மூலம் இருந்த இடத்திலேயே நிலைத்தது. நனைந்து உலரும் படித்தாள் சுருங்குவதால், படத்தின் மீது அளவுகோலை வைத்து அளத்தல் நம்பத்தகாததாயிற்று. எழுதப்பட்ட எண்ணே சான்று எனும் மரபு வலுப்பெற்றது.

அடுத்து இடம்பெயர்ந்தது பொருத்தம் பற்றிய தீர்ப்பு. தண்டும் துளையும் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதை முன்னர் பொருத்துநர் அரத்தால் தேய்த்துத் தேய்த்து, கைப்பதத்தால் அறிந்தார். அமெரிக்கப் படைக்கலச் சாலைகளில் கூட, மாற்றிப் பொருத்தத்தக்க உறுப்புகள் தொடக்கத்தில் மாதிரி உறுப்பையும் அளவிகளையும் கொண்டே செய்யப்பட்டன. ஏற்கத்தக்க விலகலின் மேல் எல்லையும் கீழ் எல்லையும் எண்களாக வரைபடத்தில் ஏறியபோது, கைப்பதத்தின் இடத்தை எண் பிடித்தது. பட்டறையில் நிகழும் சிந்தனைப் பணியைத் திட்டமிடும் அலுவலகத்திற்கு மாற்ற வேண்டும் என்று ஃபிரெடெரிக் டெய்லர் 1903இல் வாதிட்டார். அவர் கோரியதில் ஒரு பகுதியை வரைபடம் முன்னரே செய்யத் தொடங்கியிருந்தது. 1927இல் வெளியான பி.எஸ். 308 எனும் பிரித்தானியத் தரம், அதுவரை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபட்ட வரைவு வழக்கங்களை ஒழுங்குபடுத்த முற்பட்டது.

வரைபடம் விட்டுவைத்தவை

இவ்வரலாற்றைக் கைவினைஞரின் தோல்வியாக மட்டும் வாசித்தல் பொருந்தாது. 1823இல் இலண்டனில் தொடங்கிய தொழில்வினைஞர் கழகம் போன்ற அமைப்புகள் உழைப்பாளருக்கு வரைவியலைக் கற்பித்தன. பட்டறையிலிருந்து உரிமையைப் பெயர்த்த அதே மொழி, கற்றவருக்குப் பட்டறையிலிருந்து மேலேறும் படியாகவும் அமைந்தது.

மேலும், வரைபடம் வாசிப்பவரின் பயிற்சியை நம்பியே நிற்கிறது. முதற்கோண வீழலில் பொருள் பார்ப்பவருக்கும் தளத்திற்கும் இடையில் உள்ளது. மூன்றாங்கோண வீழலில் தளம் பார்ப்பவருக்கும் பொருளுக்கும் இடையில் உள்ளது. இதனால் மேல்தோற்றம் முதல் முறையில் முன்தோற்றத்தின் கீழும், மற்றதில் அதன் மேலும் அமைகிறது. அமெரிக்கா மூன்றாங்கோணத்தைப் பின்பற்றுகிறது. இந்தியத் தர அமைவனத்தின் எஸ்.பி. 46 கையேடு முதற்கோணத்தைக் கொள்கிறது. குறியீட்டைக் கவனியாது ஒன்றை மற்றொன்றாக வாசித்தால், எல்லா அளவும் சரியாக இருந்தும் உறுப்பு இடவலம் மாறிப் பிறக்கக்கூடும். உறுப்பைக் கடைசல் பொறியில் எவ்வாறு பற்றுவது, எம்முகத்தை முதலில் கடைவது என்பனவற்றையும் உறுப்பின் வரைபடம் பெரும்பாலும் கூறுவதில்லை. அங்கெல்லாம் ரோரிட்சர் காலத்துச் செய்முறை அறிவு இன்றும் தொடர்கிறது.

முடிவுரை

தச்சரின் செய்முறையில் இருந்த அளவு தாளுக்கும், வல்லுநரின் கையில் இருந்த பொருத்தம் எண்ணுக்கும், களத்தில் நிகழ்ந்த திருத்தம் மூலப்படத்திற்கும் படிப்படியே பெயர்ந்தன. மோன்ஜின் வடிவியல் இப்பெயர்வை இயலச் செய்தது. தொலைவும், தொழிற்பிரிவினையும், படியெடுக்கும் தொழில்நுட்பமும் அதனை நிகழ்த்தின. 1963இல் ஐவன் சதர்லாந்து உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் கணினியில் ஊடாடி வரைவதற்கு வழிவகுத்தது. 2003இல் வெளியான ஏ.எஸ்.எம்.இ. ஒய்14.41 எனும் அமெரிக்கத் தரம், அளவையும் விலகலையும் முப்பரிமாண மாதிரியிலேயே குறிப்பதற்கான விதிகளை வகுத்தது. தாள் நீங்கினாலும் 1644இல் எழுந்த வினா நீங்கவில்லை. செய்யப்பட்டது சரியா என்று தீர்ப்பவர் யார் என்ற அவ்வினா, மாதிரி நேரடியாக இயந்திரத்திற்குச் செல்லும் இக்காலத்தில் வரைவாளரையும் நோக்கியே எழுப்பப்படுகிறது. வரைவியலைக் கற்பிக்கும் பாடத்திட்டங்கள் வீழல் விதிகளோடு இவ்வரலாற்றையும் சேர்த்துக் கற்பித்தால், மாணவர் கோட்டைப் படிப்பதோடு அக்கோட்டிற்குப் பின்னுள்ள உழைப்பையும் படிக்கக் கற்பர்.