கண்டிச்சீமை லயத்து அடுப்பு

மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி கூட்டமைப்பில் கேட்டார்கள். நான் பத்தாவது வரைக்கும் படித்தவள், வீட்டைப் பார்த்துக் கொள்கிறவள். எனக்கு நல்லாத் தெரிந்த இடம் அடுப்படி. அதனால வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கைத் தோட்டத்துக்குப் போன நம்ம ஜனங்களின் அடுப்படி எப்படி இருந்ததுன்னு எழுதுகிறேன். எங்க குழு அக்கா ஒருத்தரின் மாமியார் அங்கே பிறந்து வளர்ந்து இங்கே வந்தவங்க. அவங்க சொன்னதையும் நான் படித்ததையும் சேர்த்திருக்கிறேன்.

நம்ம தர்மபுரி 1965 வரைக்கும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது. 1876-78ல் தாது வருஷப் பஞ்சம் சேலம் பக்கத்தை ரொம்ப வாட்டியது. மழையை நம்பின பூமி. மழை இல்லைன்னா ராகியும் இல்லை, சாமையும் இல்லை. பஞ்சம் வந்தால் தானியம் கொண்டு வரணும்னுதான் பிற்பாடு 1906ல் மொரப்பூரில் இருந்து தர்மபுரிக்கு சின்ன ரயில் விட்டார்கள். 1941ல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

சேலம், திருச்சி பக்கமெல்லாம் கங்காணிகள் வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். முதலில் காப்பித் தோட்டம். காப்பி இலையில் நோய் விழுந்து அழிந்த பிறகு தேயிலை. ஆரம்பத்தில் மன்னாரில் இறங்கி காட்டு வழியாக நடந்தே மலை ஏறினார்கள். வழியிலேயே செத்தவங்க ரொம்பப் பேர். 1914ல்தான் தனுஷ்கோடியில் இருந்து தலைமன்னாருக்குக் கப்பல் வந்தது. அதை நம்ம ஊர்ப்பக்கம் கண்டிச்சீமைன்னு சொல்வார்கள்.

தோட்டத்தில் இரண்டு விதமான சமையல். துரை பங்களாவில் சமையல் அறைக்கு குசினின்னு பேர். அங்கே சமைக்க தனி ஆள், பரிமாற தனி ஆள். நம்ம மிளகுத்தண்ணியையே சூப்பாக்கி, மல்லிகட்டானின்னு பேர் வைத்துக் குடித்தார்கள்.

லயத்தில் அப்படி இல்லை. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, சுமார் பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் ஒரு சின்ன இஸ்தோப்பு, அதாவது திண்ணை. அடுப்பும் படுக்கையும் பிள்ளைப்பேறும் அதற்குள்ளேதான். முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டின லயத்தில் பின்பக்கம் ஜன்னலே கிடையாது. மலையில் எப்போதும் மழை, குளிர். தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டும்போது விழுகிற மிலார்தான் விறகு. ஈர மிலாரை ஊதி ஊதி எரித்தால் புகை எங்கே போகும்? சுவரெல்லாம் கரி, கண்ணெல்லாம் எரிச்சல்.

விடியும் முன்னே தப்பு அடிப்பார்கள். அதற்கு முன்பே பொம்பளை எழுந்து சாயத்தண்ணி போட்டு, சோறோ ரொட்டியோ செய்து வைத்து, கைக்குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு பெரட்டுக்குப் போகணும். பகலெல்லாம் கொழுந்து பறித்து, எடை போட்டுக் கொடுத்துவிட்டு, இருட்டின பிறகு திரும்ப அடுப்பு. நல்ல தேயிலை கப்பல் ஏறிப் போகும், பறித்தவளுக்குத் தூள்தான்.

அந்த உலையில் வெந்த அரிசியின் கணக்குதான் எனக்கு ரொம்ப உறுத்துகிறது. தோட்டத்தில் அரிசி கொடுத்து சம்பளத்தில் பிடிப்பார்கள். முன்பணம், வழிச்செலவு, துணி எல்லாம் கங்காணி நோட்டில் ஏறும். எவ்வளவு ஏறியதுன்னு படிக்கத் தெரியாத ஜனம் என்ன கேட்கும்? கடன் தொகையை எழுதின சீட்டுக்குத் துண்டுன்னு பேர். அந்தக் கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921ல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். 1927ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி உயர்ந்த மலைத் தோட்டங்களில் ஒரு நாளைக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்த 43 சதத்தையும் பல தோட்டங்களில் புருஷன் கையிலோ அப்பன் கையிலோதான் கொடுத்தார்கள்.

1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் பர்மா அரிசி நின்றுபோனது. அதற்குப் பதில் கோதுமை மாவு பங்கிட்டார்கள். ராகிக் களி கிண்டின வம்சம், மாவைத் தேங்காய்ப்பூ, உப்பு போட்டுப் பிசைந்து, கையால் தட்டி, கனமான ரொட்டி சுட்டது. வரமிளகாய், வெங்காயம், தேங்காயை அம்மியில் வைத்து அரைத்துச் சம்பல். நம்ம அக்கா வீட்டு மாமியார் இன்றைக்கும் அதைச் செய்வாங்க. பஞ்சத்தில் கைகொடுத்த பண்டம், ஆனா ருசி இருக்கு. அதைச் சுட்டுப் பசி ஆற்றியது துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. லயத்துப் பொம்பளைங்க.

1964ல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தார்கள். நாலைந்து தலைமுறை அங்கே உழைத்தவங்க பெட்டியும் படுக்கையுமாகத் திரும்பி வந்தார்கள்.

சகோதரிகளே, தமிழ்நாட்டில் மகளிர் குழு முதன்முதலில் தொடங்கினது 1989ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான். கங்காணி நோட்டுக்கும் நம்ம குழு நோட்டுக்கும் என்ன வித்தியாசம்? நம்ம நோட்டை எல்லோரும் பார்க்கலாம், கேட்கலாம். பார்க்காமல், கேட்காமல், காட்டின இடத்தில் கையெழுத்து மட்டும் போட்டால், நோட்டு ஒரே ஆள் வீட்டில் பூட்டிக் கிடந்தால், அதுவும் துண்டுதான். அதனால ஒவ்வொரு கூட்டத்திலும் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவுன்னு சத்தமாகப் படிக்கச் சொல்வோம். எழுதத் தெரியாத அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கிறவங்க சொல்லித் தரட்டும். நம்ம உலையில் வேகிற அரிசியின் கணக்கு நம்ம வாயில் இருக்கணும்.