அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம்

அகமதாபாத் வெப்பச் செயல்திட்டம் என்பது கடும் வெயிலால் நேரும் சாவுகளையும் நோய்களையும் தடுக்க அகமதாபாத் மாநகராட்சி 2013-இல் கொண்டுவந்த முன்னேற்பாட்டுத் திட்டம். தெற்காசியாவில் ஒரு நகரம் வகுத்த முதல் வெப்பத் திட்டம் இது. காந்திநகரின் இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனம் இதில் துணைநின்றது.

2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வெயிலுக்குப் பழகிய ஊர்தான். ஆனாலும் வழக்கமான மே மாதங்களைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்திருந்தது பின்னர் இறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது தெரிந்தது. வெயிலுக்குப் பலியானவர்களில் பலருக்குச் சான்றிதழில் மாரடைப்பு என்றோ சிறுநீரகச் செயலிழப்பு என்றோதான் காரணம் எழுதப்படும். மொத்தச் சாவுகளைக் கூட்டிப் பார்க்காமல் வெயிலின் கணக்கு பிடிபடாது.

நகரின் சாரதாபென் பொது மருத்துவமனையில் பிரசவ வார்டு மேல்மாடியில் இருந்தது. பகலெல்லாம் காய்ந்த மொட்டைமாடியின் அனல் நேரே கீழே இறங்கும். அந்தக் கோடையில் உடல் கொதித்த பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தன. 42 டிகிரிக்கு மேல் ஏறிய ஒவ்வொரு டிகிரிக்கும் இந்தச் சேர்க்கை 43 விழுக்காடு கூடியது. வார்டைக் கீழ்த்தளத்துக்கு மாற்றியதில் அது 64 விழுக்காடு குறைந்ததாக ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு மலிவான வைத்தியம் மருத்துவத்தில் அரிது.

திட்டத்தின் உயிர்நாடி வேலைப் பங்கீடு. வானிலைத் துறையின் முன்னறிவிப்பு 41 டிகிரியைத் தாண்டினால் மஞ்சள், 43-ஐத் தாண்டினால் ஆரஞ்சு, 45-ஐ எட்டினால் சிவப்பு எச்சரிக்கை. எந்த நிறத்துக்கு யார் என்ன செய்ய வேண்டும் என்பது கோடைக்கு முன்பே முடிவாகிவிடும்: குறுஞ்செய்தி அனுப்புவது, தண்ணீர்ப் பந்தல் வைப்பது, பூங்காக்களைப் பகலிலும் திறந்து வைப்பது, சுகாதார நிலையங்களில் பனிக்கட்டிப் பொதிகளைத் தயாராக வைப்பது. குடிசைப் பகுதிகளின் கூரைகளுக்கு வெள்ளையடிப்பது பின்னர் சேர்ந்தது.

ஆண்டுக்குச் சராசரியாக 1,190 சாவுகள் தவிர்க்கப்பட்டதாக 2018-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. இது 2014, 2015 ஆகிய இரண்டே ஆண்டுகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்ட மதிப்பீடு. ஆகவே எண்ணைச் சற்று நிதானமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

பிற நகரங்களும் இதைப் பின்பற்றின. ஆனால் அகமதாபாத்தின் எச்சரிக்கை வரம்புகள் அதன் வறண்ட கோடைக்கும் அதன் சாவுக் கணக்குக்கும் உரியவை. வியர்வை ஆறாத சென்னைப் புழுக்கத்தில் அதைவிடக் குறைந்த வெப்பமே ஆபத்தாகிவிடும். பகல் உச்சத்தை மட்டும் பார்க்கும் எச்சரிக்கையில் இரவிலும் தணியாத தகரக் கூரை வீடு இடம்பெறாது.